ரிவர்ஸ் எடுத்தால் டிரெய்லர் பிரேக் பூட்டிக்கொள்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

போன கோடையில் கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் சிம்கோ ஏரியில் படகை இறக்கும்போது டிரெய்லர் ஒரு தகராறும் செய்யவில்லை. சரிவில் ஒழுங்காகப் பின்னால் போய்த் தண்ணீரில் நின்றது. மாலையில் ஸ்கார்பரோ வீட்டுக்கு வந்து, தெருவிலிருந்து டிரைவ்வேயில் பின்பக்கமாக ஏற்றினால், நான்கடி போனதும் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். டிரெய்லரின் இரண்டு சக்கரங்களும் சுழலாமல் தாரில் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு தேய்ந்தன. காலையில் நன்றாக இருந்த பிரேக் மாலைக்குள் எப்படிக் கெட்டது என்று எனக்குப் புரியவில்லை. உண்மையில் காலையிலும் கெட்டுத்தான் இருந்தது. ஏரிச் சரிவு இறக்கம் என்பதால் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தெரியவில்லை என்பது புரிந்துவிட்டால் இந்தக் கோளாறில் பாதி தீர்ந்தது. படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது சர்ஜ் பிரேக். வண்டிக்குள்ளிருந்து பிரேக்குக்கு வயரோ குழாயோ வருவதில்லை. முன்னால் ஹிட்ச் உருண்டையைக் கவ்வும் கப்ளர், ஒரு பெட்டிக்குள் முன்னும் பின்னும் சறுக்கும்படி செய்யப்பட்டிருக்கும். நீங்கள் வண்டியின் பிரேக்கை மிதித்ததும் டிரெய்லர் தன் வேகத்தில் முன்னால் வந்து வண்டியைத் தள்ளும். அந்தத் தள்ளலில் கப்ளர் உள்ளே போய், பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். பிரேக் ஆயில் சக்கரங்களுக்குப் பாயும்.

இப்போது ரிவர்ஸை யோசித்துப் பாருங்கள். வண்டி டிரெய்லரைத் தள்ளுகிறது. கப்ளர் அதே மாதிரி உள்ளே போகிறது. முன்னால் போய் நிறுத்துகிறீர்களா, பின்னால் எடுக்கிறீர்களா என்பது கப்ளருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தள்ளல் ஒன்றுதான். ஆகவே 'இது ரிவர்ஸ், பிடிக்காதே' என்று யாராவது சொல்லியாக வேண்டும். சிலவற்றில் அதைச் சக்கரத்துக்குள் உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூ சொல்லும், சிலவற்றில் ஒரு நீல வயர் சொல்லும், சிலவற்றில் நீங்களே ஒரு பின்னைச் செருகிச் சொல்ல வேண்டும். அந்தச் சேதி எங்கே அறுந்தது என்று தேடுவதுதான் முழு வேலையும்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் சமதரையில் நிறுத்தி, வண்டியின் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, வண்டிச் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். பூட்டியிருக்கும் பிரேக்கை விடுவிக்கப் போகிறோம். அது விடுபடும் நொடியில் டிரெய்லர் உருளும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

டிரம்மா, டிஸ்க்கா?

சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். மூடிய சட்டி மாதிரி இருந்தால் டிரம். பளபளப்பான தட்டும் அதைக் கவ்விய காலிப்பரும் தெரிந்தால் டிஸ்க். இதைப் பார்க்காமல் மேலே போக வேண்டாம், ஏனென்றால் இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

சர்ஜ் பிரேக்குக்கென்று வரும் டிரம்களில் பெரும்பாலும் ஷூவே ரிவர்ஸைப் புரிந்துகொள்ளும். முன்னால் சுழலும்போது டிரம்மோடு இழுபட்டு இறுகும் ஷூ, பின்னால் சுழன்றால் தன் பிடியைத் தளர்த்தி நழுவிவிடும். இதற்கு வயர் தேவையில்லை. டிஸ்க் எந்தப் பக்கம் சுழன்றாலும் ஒரே மாதிரி பிடிக்கும். அதனால் டிஸ்க் டிரெய்லரில் மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சோலினாய்ட் வால்வு, அதாவது கரண்ட் வந்தால் காந்தத்தால் அசையும் வால்வு, இருக்கும். ரிவர்ஸ் லைட்டின் கரண்ட் அதற்கு வந்ததும், பெரும்பாலான மாடல்களில் அது ஆயில் போகும் வழியை அடைத்துவிடும்.

சக்கரத்துக்குள்ளே வயர் போகிறது, வண்டிக்குள் பிரேக் கன்ட்ரோலர் பெட்டி இருக்கிறது என்றால் உங்களுடையது எலெக்ட்ரிக் பிரேக். அது தள்ளலில் வேலை செய்வதில்லை. அது ரிவர்ஸில் மட்டும் பிடித்தால், ரிவர்ஸ் லைட் வயரை யாரோ பிரேக் வயரோடு சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

எப்போதும் நன்றாக இருந்தது, வேறு வண்டியில் மாட்டியதும் பூட்டுகிறது

டிஸ்க் டிரெய்லரில் இதுதான் மிக அதிகமாக நடப்பது. என் கோளாறும் இதுவே. பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கியிருந்தேன்.

வண்டியின் பின்னால் இருக்கும் பிளக்கைப் பாருங்கள். தட்டையான நான்கு முனைப் பிளக் என்றால் அதில் ரிவர்ஸுக்கு வயரே கிடையாது. எர்த், டெயில் லைட், இடது, வலது, அவ்வளவுதான். ஐந்து முனையில் ஐந்தாவதாக வரும் நீல வயர்தான் ரிவர்ஸ். வட்டமான ஏழு முனைப் பிளக்கில் நடுவில் இருக்கும் முனை ரிவர்ஸ்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏழு முனைப் பிளக்கிலும் ஒரு நீல வயர் உண்டு. ஆனால் அது எலெக்ட்ரிக் பிரேக்குக்கு உரியது. ஐந்து முனையில் நீலம் ரிவர்ஸ், ஏழு முனையில் நீலம் பிரேக். நிறத்தை மட்டும் பார்த்து நீலத்தோடு நீலத்தை முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? ரிவர்ஸில் சோலினாய்டுக்குக் கரண்ட் வராது, பிரேக் பூட்டும். அது தொல்லை மட்டும்தான். வண்டியில் பிரேக் கன்ட்ரோலர் இருந்தால், முன்னால் போகும்போது நீங்கள் பிரேக்கை மிதித்த நேரத்தில் சோலினாய்டுக்குக் கரண்ட் போய் ஆயில் வழியை அடைத்துவிடலாம். பிரேக் தேவைப்படும் நேரத்தில் டிரெய்லருக்கு பிரேக் இல்லாமல் போகும். ஒன்டாரியோவில் டிரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ என்றால் பிரேக் கட்டாயம். அந்த எடை 401 நெடுஞ்சாலையில் பின்னாலிருந்து தள்ளும்போது பிரேக் இல்லை என்று தெரியவந்தால் என்ன நிலைமை என்று நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு இந்த இணைப்பைப் போட்டுக்கொடுத்த கடையில் நிறத்தைப் பார்த்துத்தான் சேர்த்திருந்தார்கள். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். ரிவர்ஸ் பூட்டுகிறது என்று தேடப் போய், முன்னால் பிரேக் பிடிக்காத ஒரு டிரெய்லரை அன்றைக்குக் கண்டுபிடித்தேன்.

சோதிப்பது சுலபம். என்ஜினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்த நிலையில் ஒருவர் ரிவர்ஸ் கியரைப் போடட்டும். நீங்கள் கப்ளர் பக்கத்தில் நில்லுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சோலினாய்டின் அருகே கொண்டுபோங்கள். வேலை செய்தால் காந்தம் மாதிரி இழுக்கும்.

சத்தமும் இல்லை, இழுப்பும் இல்லை என்றால் வண்டிப் பக்கத்திலிருந்து வாருங்கள். முதலில் ஃபியூஸ். பல பிக்கப் வண்டிகளில் டிரெய்லரின் ரிவர்ஸ் லைட்டுக்குத் தனி ஃபியூஸ் உண்டு. வண்டியின் சொந்த ரிவர்ஸ் விளக்கு எரிகிறது என்பதால் இதுவும் நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். அப்புறம் பிளக்கில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால், சோலினாய்ட் மாட்டிய நிலையிலேயே வோல்ட் பாருங்கள். கழற்றிவிட்டுப் பார்த்தால் துருப்பிடித்து ஒரு நூலில் தொங்கும் வயர்கூட 12 வோல்ட் காட்டும். சோலினாய்ட் கரண்டை இழுக்கத் தொடங்கியதும் அந்த வோல்ட் விழுந்துவிடும்.

கரண்ட் சரியாக வந்தும் வேலை செய்யவில்லையா? எர்த்தைப் பாருங்கள். வெள்ளை வயர் சட்டத்தில் திருகப்பட்ட இடம் பச்சையாகவோ பழுப்பாகவோ பூத்திருக்கும். சுரண்டிப் புதிதாகத் திருகினால் பாதி நேரம் உயிர் வந்துவிடும். கடைசியாக, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட ஒரு வயரை நேராகச் சோலினாய்டுக்குக் கொடுத்துப் பாருங்கள், எர்த்தையும் நேராகவே. அப்படியும் அசையவில்லை என்றால் சோலினாய்ட் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் பிரேக்கில் காற்றெடுக்க, அதாவது ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, வேண்டியிருக்கும்.

'டிக்' கேட்கிறது, ஆனாலும் பூட்டுகிறது

இது பெரும்பாலும் கோளாறே இல்லை, எடுக்கும் முறையில் இருக்கும் பிசகு. முன்னால் வந்து பிரேக் போட்டு நிற்கிறீர்கள். கப்ளர் உள்ளே அழுந்தியிருக்கிறது, சக்கரத்தில் ஆயில் அழுத்தம் இருக்கிறது. அந்த நிலையிலேயே ரிவர்ஸ் போட்டால் சோலினாய்ட் வழியை அடைக்கும். உள்ளே போன அழுத்தம் உள்ளேயே சிறைப்படும். பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

செய்ய வேண்டியது இதுதான். நிறுத்தியபின் ஓரடி, இரண்டடி முன்னால் இழுங்கள், கப்ளர் நீளட்டும். பிரேக்கை மெதுவாகப் பிடித்து நில்லுங்கள். ரிவர்ஸ் போடுங்கள். ஒரு நொடி பொறுங்கள். பிறகு எடுங்கள். இறக்கத்தில் முன்னால் நோக்கி நின்றால் டிரெய்லரின் எடையே கப்ளரை அழுத்திக்கொண்டிருக்கும். அங்கே நின்று ரிவர்ஸ் எடுக்காதீர்கள், சமதரைக்குப் போய்விடுங்கள்.

சமதரையில் போகிறது, ஏற்றத்திலும் புல்லிலும் மட்டும் பூட்டுகிறது

டிரம் பிரேக்காரர்கள் அதிகம் சொல்லும் குறை. ஏற்றத்தில் பின்னால் தள்ள அதிக விசை வேண்டும். அந்த விசை முழுவதும் கப்ளரை அமுக்கும். நழுவ வேண்டிய ஷூ சரியாக நழுவினாலும் கொஞ்சம் உரசத்தான் செய்யும். மண்ணும் சரளையும் அதே மாதிரி. லேசான இழுவை இயல்பு. சக்கரம் முழுவதும் நின்றுபோவது இயல்பல்ல.

முழுவதும் நின்றால், முதலில் ஷூ மிக இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, பின் தட்டின் துளை வழியாக, ஷூவை இறுக்கவும் தளர்த்தவும் உள்ள நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஷூ நன்றாக உரசும்வரை இறுக்கி, பிறகு சக்கரம் லேசான உரசலோடு தாராளமாகச் சுழலும்வரை தளர்த்துங்கள். இதைச் செய்யும்போது சக்கரத்தை முன்பக்கமாக மட்டுமே சுழற்றுங்கள். பின்பக்கம் சுழற்றினால் ஷூ நழுவி, நீங்கள் பார்க்கும் இடைவெளி பொய்யாகிவிடும்.

அடுத்தது துரு. ஷூ நழுவும் இடம் துருப்பிடித்து இறுகிவிட்டால் அதற்கு ரிவர்ஸ் என்று சொல்ல ஆளில்லை. டிரம்மைக் கழற்றி, கையால் ஷூவை அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் சுத்தம் செய்து, உலோகம் உலோகத்தோடு உரசும் இடங்களில் மட்டும் மிகக் கொஞ்சமாக பிரேக்குக்கான கிரீஸ் தடவுங்கள். ஷூவில் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையான லைனிங்கில் ஒரு சொட்டும் படக்கூடாது. துரு அதிகமென்றால் தட்டோடு முழுத் தொகுப்பையும் மாற்றிவிடுவதே நல்லது. அதில் மணிக்கணக்கில் மல்லாடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

சமீபத்தில் யாராவது டிரம்மைக் கழற்றி மாட்டினார்களா? இடது தொகுப்பும் வலது தொகுப்பும் ஒன்றல்ல. மாற்றி மாட்டினால் முன்னால் போகும்போது பிடி குறைந்து, பின்னால் போகும்போது இறுகும். மிகப் பழைய டிரெய்லராக இருந்தால் நழுவும் வசதியே இல்லாத டிரம்மாகவும் இருக்கலாம். அதற்குக் கப்ளரில் ஒரு பின்னைச் செருகி, அது உள்ளே போகாமல் தடுப்பதுதான் வழி.

ரிவர்ஸில் வளைத்த பிறகு, முன்னாலும் போகவில்லை

இதை எழுதும்போதே எனக்கு ஒரு நண்பரின் முகம் நினைவுக்கு வருகிறது. குறுகிய இடத்தில் டிரெய்லரைக் கூர்மையாக வளைத்துப் பின்னால் எடுத்தார். நின்றுவிட்டது. முன்னால் இழுத்தார், அதுவும் முடியவில்லை. இரண்டு மணி நேரம் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கோளாறு சக்கரத்தில் இல்லவே இல்லை.

கப்ளரிலிருந்து வண்டிக்குப் போகும் மெல்லிய சங்கிலியையோ கேபிளையோ பாருங்கள். டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் அது இழுபட்டு, பிரேக்கை அழுத்தி அப்படியே பூட்டிவிடும். உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் அது குட்டையாக இருந்தாலோ எங்காவது மாட்டிக்கொண்டாலோ, கூர்மையான வளைவில் தானாக இழுபட்டுவிடும். அப்புறம் முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. கப்ளரின் பின்பக்கமோ அடியிலோ ஒரு நெம்பு சாய்ந்து, ஸ்பிரிங் கிளிப் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். கட்டை வைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை நெம்பி விடுவித்தால் நெம்பு பழைய இடத்துக்கு வரும். பிறகு கேபிளின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். முழு வளைவிலும் தொய்வாக இருக்க வேண்டும், தரையில் இழுபடவும் கூடாது.

ரிவர்ஸில் பூட்டியது, முன்னால் இழுத்தும் விடவில்லை, சூடாகிறது

கேபிள் சரியாக இருந்தும் இப்படி என்றால், ஆயில் அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறதா, அல்லது இரும்பு இறுகிவிட்டதா என்று முதலில் பிரிக்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பிரேக் பூட்டியிருக்கும்போதே, பூட்டிய சக்கரத்தில் காற்றெடுக்கும் திருகை ஸ்பேனரால் கால் சுற்றுத் தளர்த்துங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் கண்ணுக்குக் கேடு, பெயின்டையும் அரிக்கும். ஆயில் பீய்ச்சியடித்து உடனே சக்கரம் விடுபட்டால், அழுத்தம் சிறைப்பட்டிருந்தது என்று அர்த்தம். லேசாகக் கசிந்து சக்கரம் அசையவில்லை என்றால் துருவோ, இறுகிய காலிப்பரோ, ஒட்டிக்கொண்ட ஷூவோ.

சிறைப்பட்ட அழுத்தம் என்றால் இன்னொரு படி. திருகை மூடி, மறுபடியும் பூட்ட வைத்து, இம்முறை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் கிளம்பும் இடத்தில் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு முன்னால், கப்ளர் பெட்டிக்குள். விடுபடாவிட்டால் அந்த இடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில். நடுவில் என்றால் ரப்பர் ஹோஸைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வெளியே பார்க்கப் புதிது மாதிரி இருக்கும். உள்ளே சவ்வு உரிந்து ஒருவழிக் கதவு மாதிரி தொங்கும். மாஸ்டர் சிலிண்டரின் முழுப் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வரப் பலமில்லாமல் நின்றுவிடும். ஹோஸைப் பிடித்திருக்கும் கிளாம்ப் துருவேறி உப்பினாலும் அதை நசுக்கி இதே வேலையைச் செய்யும். இங்கே குளிர்காலத்தில் சாலைக்குப் போடும் உப்பு இதற்கு நன்றாகவே உதவுகிறது.

கோளாறு முன்னால் என்றால், கப்ளர் சறுக்கும் இடத்தைக் கையால் இழுத்து நீட்டிப் பாருங்கள். உள்ளே போனது வெளியே வராமல் ஒட்டினால் துருவைச் சுரண்டி, கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடியுங்கள். உள்ளே இருக்கும் ஷாக் அப்சார்பர் போயிருந்தால் கப்ளர் 'டமார்' என்று அடித்துக்கொண்டு உள்ளே போகும், ஒவ்வொரு சின்னத் தள்ளலுக்கும் பிரேக் பிடிக்கும்.

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றிய டிரெய்லரில் ஒன்றைக் கவனியுங்கள். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் சிறு அழுத்தத்தைக் குழாயில் தேக்கிவைக்கும் ஒரு வால்வு இருக்கும். டிரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் உண்டு, அதனால் பரவாயில்லை. டிஸ்க்கில் அப்படி இழுக்கும் ஸ்பிரிங் இல்லை. அந்தச் சிறு அழுத்தமே பேடை உரச வைத்து, சூடேற்றி, கடைசியில் பூட்டிவிடும். டிஸ்க்குக்கு மாற்றும்போது மாஸ்டர் சிலிண்டரையும் டிஸ்க்குக்கு உரியதாக மாற்ற வேண்டும்.

குளிர்காலம் முழுக்க நின்ற டிரெய்லர் அசையவே இல்லை

ஷூவும் டிரம்மும் துருவில் ஒட்டியிருக்கும். வண்டியால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்து வந்துவிடும். சக்கரத்தைத் தூக்கி, டிரம்மின் வெளிவிளிம்பைச் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விட்டதும் டிரம்மைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டே சாலைக்கு எடுங்கள்.

இங்கிலாந்து, ஐரோப்பா பக்கம் இருப்பவர்களுக்கு

அங்கே கேரவன்களிலும் டிரெய்லர்களிலும் தள்ளல் அதேதான், ஆனால் ஆயிலுக்குப் பதில் இரும்புக் கம்பியும் கேபிளும். இங்கிலாந்தில் 1989 ஏப்ரலுக்குப் பின் செய்தவற்றில் ரிவர்ஸில் தானே விலகும் ஷூ இருக்க வேண்டும் என்பது விதி. அது பூட்டினால் பத்துக்கு ஏழெட்டு முறை காரணம் தவறான சரிசெய்தலாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. பிடி குறைந்தது என்று எல்லோரும் முதலில் கேபிளை இறுக்குவார்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் ஷூ விலக இடமே இல்லை. கேபிளை முழுக்கத் தளர்த்துங்கள், முதலில் சக்கரத்தில் ஷூவைச் சரிசெய்யுங்கள், அதன் பிறகு கேபிள், கடைசியில் கப்ளரிலிருந்து கேபிளுக்கு வரும் நடுக்கம்பி. இந்த வரிசை மாறக்கூடாது.

நடுத்தெருவில் மாட்டிக்கொண்டால்

கொஞ்சம் முன்னால் இழுத்துக் கப்ளரை நீட்டுங்கள். பல மாடல்களில் அது உள்ளே போகாமல் தடுக்கும் ஒரு பின்னோ சாவியோ செருக இடம் இருக்கும். செருகிவிட்டு ரிவர்ஸ் எடுத்து வீடு சேருங்கள். அந்தப் பின் உள்ளே இருக்கும்வரை முன்னால் போகும்போதும் டிரெய்லருக்கு பிரேக் கிடையாது. நான் அந்தப் பின்னில் சிவப்பு நாடா கட்டி, செருகாதபோது வண்டிச் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன். சாவி தனியாக இருந்தால் பின் கப்ளரில் இருக்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

எதைச் சரிசெய்தாலும், காலியான வாகன நிறுத்துமிடம் ஒன்றில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் நிறுத்திப் பாருங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து முட்டாமல் கூடவே நிற்க வேண்டும். பிறகு லேசான ஏற்றத்தில் ரிவர்ஸ். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால், அந்தச் சக்கரத்தின் ஹோஸிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.